கர்த்தாஸ் முதல் கேமரா வரை

பழவேற்காடு என்றால் சென்னைக்காரர்களுக்கு இரண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒன்று பூநாரை, இன்னொன்று டச்சுக்காரர்களின் கல்லறை. (மூன்றாவது இறாலும் நண்டும். அதை விட்டுவிட்டால் நம்ம ஆட்கள் கோபித்துக்கொள்வார்கள்.) எனக்கென்னவோ கொஞ்ச நாளாக வேறொரு விஷயம்தான் மண்டையைக் குடைகிறது. ஐந்நூறு வருஷமாக இந்தக் கரையில் யாராவது ஒருத்தர் கடலில் போகிறவனைப் பார்த்து, "நீ யார்? உன் சீட்டு எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கேட்டவர்கள் மாறினார்கள். பாஷை மாறியது. காகிதச் சீட்டு பிளாஸ்டிக் அட்டையானது. கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

இப்போது அதே கேள்வி சென்னைத் தெருக்களுக்கும் வந்துவிட்டது. ஒரு வித்தியாசம், வாய்திறந்து கேட்க அங்கே ஆளே இல்லை. கம்பத்தின் மேல் ஒரு கேமரா, அதற்குப் பின்னால் முகத்தை அடையாளம் காணும் ஒரு மென்பொருள். நகரத்தில் இருப்பவர்களுக்கு இது புதுசு. குப்பத்தில் இருப்பவர்களுக்கு இது பழைய கதையின் அடுத்த அத்தியாயம். பழைய அத்தியாயங்களைப் புரட்டினால் புதுசு எங்கே போய் நிற்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம் என்பது என் எண்ணம்.

முதலில் போர்ச்சுகீசியர்கள். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பழவேற்காட்டில் வந்து குடியேறிவிட்டார்கள். அவர்கள் இந்தியப் பெருங்கடலில் கொண்டுவந்த ஏற்பாட்டுக்குப் பெயர் கர்த்தாஸ். கடலில் போகும் கப்பல்கள் எல்லாம் அவர்களிடம் சீட்டு வாங்க வேண்டும். கப்பல் பெயர், தலைவன் யார், எங்கே போகிறது, என்ன சரக்கு, எத்தனை ஆயுதம், எல்லாம் அதில் இருக்கும். சீட்டில்லாமல் பிடிபட்டால் கப்பலும் சரக்கும் போச்சு. அதற்கு முன்பு நூற்றாண்டுக் கணக்காக யாரிடமும் கேட்காமல் மலாக்காவுக்குப் போய்வந்த வணிகர்கள், ஒரே தலைமுறையில் தன் கடலிலேயே அனுமதிச் சீட்டு வைத்துக்கொள்ள வேண்டியவர்களாகிவிட்டார்கள். காரணம் என்ன சொன்னார்கள்? பாதுகாப்பு! கொள்ளைக்காரர்களிடமிருந்து காப்பாற்றத்தான் சீட்டு. சீட்டில்லாத கப்பலைக் கொள்ளையடித்தவர்கள் யார் என்று கேட்டால் அதற்கும் பதில் அவர்களேதான் என்பது வேறு விஷயம்.

பிறகு டச்சுக்காரர்கள். 1613ல் ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடம் பல காலம் பழவேற்காடுதான். கணக்கு எழுதுவதில் டச்சுக்காரனை மிஞ்ச ஆள் கிடையாது. துணிக் கட்டு, வெடியுப்பு, அரிசி என்று எல்லாவற்றுக்கும் கணக்கு. பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சம் வந்தபோதெல்லாம் இந்தக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான மனிதர்களை அடிமைகளாக வாங்கி பத்தாவியாவுக்கு ஏற்றினார்களே, அவர்களும் கணக்கில் ஒரு எண்தான். பழவேற்காடு போகிறவர்கள் கல்லறையில் அந்தக் கல் எலும்புக்கூடுகளோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். கப்பலேறிப் போனவர்களுக்கு அங்கே ஒரு கல்கூட இல்லை. ஏட்டில் பதிவாவதும் மனிதனாக மதிக்கப்படுவதும் ஒன்றில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

1825ல் ஊர் ஒரேயடியாக ஆங்கிலேயர் கைக்குப் போனது. இங்கிருந்துதான் கதை சூடு பிடிக்கிறது. அதுவரை சீட்டு என்பது மனிதன் கையில் இருக்கும் ஒரு பொருள். தூக்கிப் போட்டுவிட்டு ஓடலாம். ஆங்கிலேயர் காலத்தில் மனித உடம்பே சீட்டானது.

1858ல் வங்காளத்தில் ஹூக்ளி பக்கம் வில்லியம் ஹெர்ஷெல் என்ற அதிகாரி, ஒப்பந்தத்தில் கையெழுத்துக்குப் பதிலாகக் கைப்பதிவு வாங்கிப் பார்த்தார். 1897ல் கல்கத்தாவில் கைரேகைக் கூடம் வந்தது. ரேகைகளை வகை பிரித்துத் தேடும் முறைக்கு எட்வர்டு ஹென்றியின் பெயர் நின்றுவிட்டது. உழைத்த அஸீசுல் ஹக், ஹேமசந்திர போஸ் ஆகியோரின் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. 1901ல் அதே முறை லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்குப் போனது. அதாவது, இங்கே குடிமக்கள் மேல் சோதித்துப் பார்த்துவிட்டு அங்கே கொண்டுபோனார்கள். கண்காணிப்புக் கருவிகள் எப்போதும் இப்படித்தான் பயணம் செய்யும். முதலில் எதிர்த்துப் பேச முடியாதவன் மேல், அப்புறம் மற்ற எல்லார் மேலும்.

அதே காலகட்டத்தில் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், கையில் அளவுகோலோடு ஊர் ஊராகப் போய் மூக்கின் நீளம் அகலம், மண்டையின் சுற்றளவு எல்லாம் அளந்துகொண்டிருந்தார். 1909ல் வந்த அவருடைய ஏழு தொகுதிகளில் நம் கடற்கரைப் பட்டினவர்களும் உண்டு, ஸ்ரீஹரிகோட்டா காட்டில் வாழ்ந்த யானாதிகளும் உண்டு. மூக்கை அளந்தால் ஆளின் குணமும் இனமும் தெரியும் என்பது அன்றைய 'விஞ்ஞானம்'. இன்றைய முக அடையாள மென்பொருள் செய்வதும் மேலோட்டமாகப் பார்த்தால் அளவெடுப்புதான். முகத்தை எண்களின் வரிசையாக மாற்றி, ஏற்கனவே சேமித்த வரிசைகளோடு ஒப்பிட்டு, "இவ்வளவு சதவீதம் ஒத்துப்போகிறது" என்கிறது. குணம் சொல்வதாக அது சொல்லிக்கொள்வதில்லை, அந்த மட்டும் நல்லது. ஆனால் அளக்கப்படுகிறவனிடம் கேட்காமல் அளப்பது என்ற பழக்கம் அன்று தொட்டது.

1871ல் வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. நம் ஊர்களில் இதற்கு இன்னொரு பெயர், கைரேகைச் சட்டம். ஜனங்கள் சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒருவன் திருடினானா என்பது கேள்வியே இல்லை. அவன் பிறந்த சாதி பட்டியலில் இருந்தால் ரேகை கொடுக்கணும், ராத்திரி காவல் நிலையத்தில் ஆஜராகணும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்கணும். நெல்லூர்ப் பக்கத்து யானாதிகளும் அந்தப் பட்டியலில் சிக்கினார்கள். ஏரியில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைத்த ஜனம்! 1920 ஏப்ரல் 3ம் தேதி மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று மறுத்த பிறமலைக் கள்ளர்கள் மேல் துப்பாக்கிச் சூடு. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். ஒரு கட்டைவிரல் மையில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு அந்த ஊர்தான் பதில்.

சென்னை மாகாணத்தில் 1947லும் நாடு முழுக்க 1952லும் அந்தச் சட்டம் போனது. பட்டியல் போனது, சந்தேகம் போகவில்லை. இன்றைக்கும் ஊரில் ஏதாவது களவு போனால் முதலில் யாரைத் தேடிப் போகிறார்கள் என்று பழைய பட்டியலில் இருந்த சாதிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு தற்செயலையும் சொல்லிவிடுகிறேன். பெருங்காமநல்லூர் நடந்த அதே 1920ல்தான் கைதிகள் அடையாளச் சட்டமும் வந்தது. அது நூறு வருஷம் தாண்டியும் ஓடியது. 2022ல் அதற்குப் பதிலாக வந்த குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் ரேகையோடு நிற்கவில்லை. கண்மணி, முகப்படம் என்று நீள்கிறது. பதிவுகளை 75 வருஷம் வைத்திருக்கலாம். முன்பு தண்டனை பெறாத ஒருவர் விடுதலையானால் அழிக்கணும் என்றும் அதிலேயே இருக்கிறது, நீதிமன்றம் வேறு மாதிரி சொல்லாவிட்டால்.

சரி, ஏரிக்குத் திரும்புவோம்.

2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதல். பயங்கரவாதிகள் வந்தது 'குபேர்' என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கடத்தி. அந்தத் தாக்குதலில் முதலில் செத்தவர்கள் அந்தப் படகிலிருந்த மீனவர்கள். ஆனால் அதற்குப் பிறகு நாட்டின் கரை முழுக்க சந்தேகக் கண்ணோடு பார்க்கப்பட்டவர்களும் மீனவர்கள்தான்! கடலோரக் கிராமங்களில் புகைப்படம், ரேகை எல்லாம் எடுத்து அடையாள அட்டை கொடுத்தார்கள். படகுகளுக்குப் பதிவு எண், மாநிலத்துக்கு ஒரு வண்ணம். கடலோரக் கண்காணிப்பு ராடார் வரிசையில் முதல் கட்டமாகப் பெருநிலக் கரையில் மட்டும் 36 இடங்கள். தொலைதூரக் கேமராக்களும் அவற்றோடு சேர்த்தி. அதில் பலவற்றைக் கலங்கரை விளக்கங்களின் மேலேயே வைத்தார்கள். கலங்கரை விளக்கம் என்பது தன்னைக் காட்டிக்கொண்டு வழி சொல்கிற கோபுரம். அதுவும் இப்போது பார்க்கிற கோபுரமாகிவிட்டது.

பழவேற்காட்டுக்காரர்களுக்கு இதில் கூடுதல் சுமை ஒன்று. ஏரியைக் கடலிலிருந்து பிரிப்பதே ஸ்ரீஹரிகோட்டா தீவுதான். 1971 அக்டோபரில் அங்கிருந்து முதல் ராக்கெட் போனது. அதற்காகத் தீவில் இருந்த ஊர்கள் இடம் மாறின. இன்றும் ராக்கெட் ஏவும் நாளில் சுற்றுக் கடலில் வலை போட முடியாது, ரோந்து சுற்றும். தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள். நடுவில் குப்பங்கள். நான் ஒருமுறை அங்கே போயிருந்தபோது ஒரு படகுக்காரர் மடியிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்துப் பிரித்துக் காட்டினார். வாக்காளர் அட்டை, ஆதார், மீனவர் அட்டை, சங்க அட்டை, ரேஷன் அட்டையின் நகல். ஈரம் படாமல் ரப்பர் பேண்டு போட்டுச் சுற்றி வைத்திருந்தார். "எல்லாத்துலயும் நான்தான் தம்பி இருக்கேன், ஆனா ஒண்ணு இல்லேன்னா இன்னொண்ணு செல்லாதாம்" என்றார். கயிறு இழுத்து இழுத்து வழவழவென்று ஆகிவிட்ட விரல். ரேகை எந்திரம் அவரை எத்தனை தடவை 'நீ நீ இல்லை' என்று சொல்லியிருக்குமோ.

இங்கே ஒரு பக்கமாகப் பேசிவிடக் கூடாது. 2017 ஒக்கிப் புயலில் குமரி மாவட்டத்து மீனவர்களும் கேரள மீனவர்களும் கரையோடு பேச வழியில்லாமல் ஆழ்கடலில் செத்ததை நாம் மறக்கவில்லை. படகு எங்கே இருக்கிறது என்று சொல்லும் கருவி அன்று இருந்திருந்தால் பல பேர் பிழைத்திருப்பார்கள். இஸ்ரோ தொழில்நுட்பத்தில் ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் கொடுக்கும் மத்தியத் திட்டம், 364 கோடி ரூபாய் செலவில், 2024 ஆகஸ்டில் தொடங்கியது. ஆபத்து என்றால் படகிலிருந்தே ஒரு பொத்தானை அழுத்தலாம். நான் அதை வரவேற்கிறேன். ஆனால் அதே கருவி எந்தப் படகு எந்த நேரம் எங்கே வலை போட்டது என்பதையும் சொல்லும். பொத்தான் மீனவன் கையில். பதிவு யார் கையில்? ஒரே கருவி காப்பாற்றுவதாகவும் வேவு பார்ப்பதாகவும் ஆவது இந்த ஒரு கேள்வியில்தான்.

இப்போது நகரம். சென்னையில் 2017க்குப் பிறகு 'மூன்றாவது கண்' என்று போலீஸ் ஒரு இயக்கமாகவே கேமரா வைத்தது. வியாபாரிகளும் குடியிருப்போரும் கைக்காசு போட்டு வைத்தார்கள். சர்ஃப்ஷார்க் என்ற நிறுவனம் 2020-21 வாக்கில் எடுத்த கணக்கில் சதுர கிலோமீட்டருக்கு 657 கேமரா, உலக நகரங்களில் சென்னைதான் முதல் இடம். சங்கிலிப் பறிப்பு வழக்குகளில் அது உதவியது உண்மை. அதை மறுக்க வேண்டியதில்லை. அதே சமயத்தில் தி.நகர் தீபாவளிக் கூட்டத்தில் ஃபேஸ்டேகர் என்ற முக அடையாள மென்பொருளும் வந்தது. 2021 அக்டோபரில் தமிழ்நாடு போலீசுக்கே மாநில அளவில் ஒரு முக அடையாள மென்பொருளை முதல்வர் தொடங்கி வைத்தார், கொல்கத்தா சி-டாக் உருவாக்கியது. ரோந்து போகும் காவலர் செல்போனில் ஒருவரைப் படம் எடுத்து, சேமித்த முகங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ராதாரிச் சீட்டு இல்லாமலே ராதாரிச் சோதனை!

2024 மே மாதம் அந்தத் தளத்துக்குள்ளேயே வெளியாட்கள் புகுந்த செய்தி வந்தது. ஒரு கணக்கின் கடவுச்சொல் பறிபோனது என்று போலீஸ் தரப்பே ஒப்புக்கொண்டது. கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். முகம் திருடு போனால்?

தவறு நடக்கும் விதத்தை ஒரு சின்னக் கணக்கால் சொல்கிறேன். மென்பொருள் ஆயிரத்துக்கு ஒரு முறைதான் ஆளை மாற்றிச் சொல்லும் என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாக இருக்கிறது. தீபாவளி ஷாப்பிங்கில் ஒரு நாளில் ஒரு லட்சம் முகம் அதன் முன்னால் கடந்தால், நூறு அப்பாவிகள் சந்தேகத்துக்கு ஆளாவார்கள். நிஜத்தில் நிலைமை எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. 2018ல் ஜாய் புவோலாம்வினியும் டிம்னிட் கெப்ருவும் சில பெரிய நிறுவனங்களின் முகப் பகுப்பு மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஆணா பெண்ணா என்று சொல்வதில் வெளுத்த ஆண்களுக்கு 0.8 சதவீதத்துக்கு மேல் பிழை போகவில்லை. கறுத்த பெண்களுக்கு அது 34.7 சதவீதம் வரை போனது. வெயிலில் மீன்கூடையோடு நடக்கும் ஒரு பழவேற்காட்டு அம்மாவின் முகத்தை நினைத்துப் பார்த்தேன்.

பிழையைக் கூடத் திருத்திவிடலாம். எனக்குப் பெரிய பயம் வேறு. ஒரு காரணத்துக்காகச் சேர்த்த பதிவு இன்னொரு காரணத்துக்குப் போவது. டெல்லி போலீஸ் முக அடையாள மென்பொருளை வாங்கியது காணாமல் போன குழந்தைகளைத் தேட. 2019 டிசம்பரில் ராம்லீலா மைதானத்தில் பிரதமர் கூட்டத்துக்கு வந்தவர்களை வடிகட்ட அதையே பயன்படுத்தினார்கள். 2020 மார்ச்சில் உள்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில், டெல்லிக் கலவரத்தில் வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமப் படங்களை வைத்து 1,100 பேருக்கு மேல் அடையாளம் கண்டதாகச் சொன்னார். கலவரக்காரனைப் பிடிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஓட்டுப் போடக் கொடுத்த படம் அது. நாளைக்குக் காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்துக் கரையில் கூடும் மீனவர்களை நோக்கி ஒரு கேமரா திரும்பினால், பயங்கரவாதிகளைத் தடுக்கக் கொடுத்த அட்டையின் படமே அவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைக்கும். அதற்கப்புறம் எத்தனை பேர் வருவார்கள்? இதற்கு யாரையும் கைது செய்யவே வேண்டாம். பார்க்கிறார்கள் என்ற நினைப்பே போதும்.

"தப்பு செய்யாதவன் ஏன் பயப்படணும்?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அதற்குப் பதில் புத்தகத்தில் இல்லை, ஏரியிலேயே இருக்கிறது.

பழவேற்காட்டில் பாடு என்று ஒரு முறை உண்டு. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இறால் பகுதிகளில் யார், என்றைக்கு, எங்கே வலை கட்டுவது என்பதைக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் போன்ற ஊர்க்காரர்கள் சீட்டுப் போட்டும் முறை வைத்தும் தங்களுக்குள் பிரித்துக்கொள்கிறார்கள். செபாஸ்டியன் மாத்யூ 1991ல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்புக்காக இதை விரிவாக எழுதியிருக்கிறார். இதிலும் கண்காணிப்பு உண்டு, சும்மா இல்லை, பலமாகவே உண்டு. முறை தப்பி வலை போட்டால் பத்துப் படகு பார்க்கும். ஆனால் பார்க்கிறவன் யார் என்று பார்க்கப்படுகிறவனுக்குத் தெரியும். புகார் ஊர்ப் பஞ்சாயத்தில் எல்லார் முன்னாலும் வரும். "நீ பார்த்தது தப்புடா, அது என் தம்பி வலை" என்று எழுந்து சொல்லலாம். அபராதம் கட்டினால் விஷயம் முடிந்தது. எழுபத்தைந்து வருஷம் ஏட்டில் நிற்காது. நாளைக்கு பார்த்தவனே மாட்டிக்கொண்டால் இவன் சாட்சி சொல்வான்.

பாடு முறையை நான் சொர்க்கமாகக் காட்டவில்லை. அதில் பெண்களுக்கும் பிற சாதிகளுக்கும், முக்கியமாக யானாதிகளுக்கும், இடமில்லை. பார்ப்பவர்கள் மத்தியில் சமம், வெளியே நிற்பவனுக்கு அதுவும் ஒரு வேலிதான். ஆனாலும் மனிதர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதற்கும், ஒரு பக்கத்தினர் மட்டும் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் அதில் பளிச்சென்று தெரிகிறது. கேமரா எதிரில் நிற்பவனால் திரும்பிப் பார்க்க முடியாது. தப்பு செய்யாதவன் பயப்படுவது பார்வையைக் கண்டு இல்லை, பதில் சொல்ல இடமில்லாததைக் கண்டு.

சட்டம் என்ன சொல்கிறது? 2017 ஆகஸ்ட் 24ல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அரசு அதில் கை வைக்க வேண்டுமானால் சட்டம் இருக்கணும், நியாயமான நோக்கம் இருக்கணும், நோக்கத்துக்கு ஏற்ற அளவில் இருக்கணும். 2023ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் விதிகளும் வந்தன. ஆனால் அரசு தன் அமைப்புகளுக்கே விலக்கு கொடுத்துக்கொள்ளும் கதவு அந்தச் சட்டத்திலேயே திறந்திருக்கிறது. தெருவில் முகத்தைப் படித்துத் தேடுவதற்கென்று தனியாக ஒரு சட்டம் நாடாளுமன்றத்திலும் இல்லை, நம் சட்டமன்றத்திலும் இல்லை. தெலங்கானாவில் ஒருவர் இதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார். ஊரடங்கின்போது வழியில் நிறுத்தி, முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லி போலீஸ் படம் எடுத்ததாக அவர் முறையீடு. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ 2019லேயே தன் போலீசுக்கு இந்த மென்பொருளைத் தடை செய்தது. தொழில்நுட்பம் தயாரிக்கிற ஊரே பயப்படுகிறது என்றால் யோசிக்க வேண்டாமா?

பழவேற்காட்டுக்குப் பக்கத்து ஊரான பொன்னேரியை 2014 மத்திய பட்ஜெட்டில் ஸ்மார்ட் நகரத் திட்டத்துக்கு உரிய ஊர்களில் ஒன்றாகச் சொன்னார்கள். கம்பங்கள் இன்றில்லாவிட்டால் நாளை அந்தப் பக்கமும் வரும். கேமராவே வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. அந்தச் சண்டை முடிந்து நாளாயிற்று. பஞ்சாயத்தில் நிற்கிறவன் கேட்கும் நாலு கேள்விக்குப் பதில் வேண்டும், அவ்வளவுதான். யார் பார்க்கிறார்கள்? எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? வேறு எதற்குப் பயன்படுத்துவார்கள்? தப்பாக என்னைக் காட்டினால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

தகவல் உரிமைச் சட்டம் 2005லிருந்து நம் கையில் இருக்கிறது. பத்து ரூபாய்தான். உங்கள் தெருக் கேமராவைப் பற்றி இந்த நாலையும் எழுதிக் கேட்டுப் பாருங்கள். பதில் வருகிறதோ இல்லையோ, ஐந்நூறு வருஷமாக ஒரு பக்கமிருந்தே வந்துகொண்டிருக்கும் கேள்வி ஒரு தடவையாவது எதிர்ப்பக்கம் போகட்டும்.